மரப்பொந்து நண்டு

என் வலது சுட்டுவிரலில் ஒரு தழும்பு இருக்கிறது. காயம் எப்போதோ ஆறிவிட்டது. சேர் மேலிருந்த கோபம்தான் ஆறவில்லை.

தன்னாமுனைப் பக்கம் வாவிக்கரையில் மழைக்கு ஒதுங்கி, சேற்றில் வளரும் கண்ணா மரமொன்றைப் பிடித்தபடி நின்றேன். தோள் உயரத்தில் இருந்த பொந்துக்குள் விரல் போய்விட்டது. உள்ளே இருந்த நண்டு கவ்வியது. உயிர் போகிற வலி. கையை உதறினேன், நண்டும் கூடவே வந்தது. ஊதா நிறக் கால்கள். நாட்டின் மேற்குக் கரையில் மட்டும் உண்டென்று புத்தகங்கள் சொல்லும் இனம், இங்கே கிழக்குக் கரையில். இரத்தம் சொட்டச் சொட்டச் சிரித்தேன்.

அப்போது நான் பல்கலைக்கழக வளாகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளர். நண்டையும் படங்களையும் என் துறைப் பேராசிரியரிடம் கொடுத்தேன். அவர்தான் சேர்.

"மீன் லொறியில வந்திருக்கும் பிள்ள," என்று சிரித்தார்.

சில மாதம் கழித்து ஒரு கருத்தரங்கில் அதே படத்தைத் திரையில் போட்டு, தாமே பிடித்ததாகச் சொன்னார். என் பெயரைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. அந்தப் பெயர் வந்திருந்தால் எனக்கு நிரந்தர வேலைக்கு வழி பிறந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் கைதட்டினேன்.

பிறகு கொழும்பிலிருந்து இரண்டு நிபுணர்கள் உயிருள்ள நண்டைப் பார்க்க வந்தார்கள். உதவிக்கு என்று சொல்லி என்னையும் வாகனத்தில் ஏற்றினார் சேர். கறிக்கு நண்டு தேடுபவரைப் போல் காலை முழுவதும் சேற்று வளைகளைத் தோண்டினார். அது மரப்பொந்தில் இருக்கும் நண்டென்று நான் சொல்லவில்லை. அவருடைய சப்பாத்து ஒன்று சேற்றோடு போனபோது நெஞ்சு குளிர்ந்தது.

கடைசியில் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "எங்க பிள்ள புடிச்ச?"

"நானா? நீங்கதானே சேர் புடிச்ச," என்றேன், வந்தவர்களுக்குக் கேட்கும்படியாக. பக்கத்துக் கண்ணா மரத்தைக் காட்டினேன். "இந்தப் பொந்துதானே? எடுத்துக் காட்டுங்க."

உள்ளே இரண்டு கண்கள் தெரிந்தன. சேர் தயங்காமல் கையை விட்டார். அந்த நண்டை ஒருமுறை பிடித்தவர் யாரும் அப்படிக் கையை விடமாட்டார்.

அவர் அலறியது வாவிக்கு அக்கரை வரை கேட்டிருக்கும். எனக்கு இரக்கம் துளியும் வரவில்லை. கட்டுப்போடத் துணியை நீட்டினேன். நிபுணர்களில் மூத்த பெண்மணி அவர் விரலைப் பார்த்தார், பிறகு என் விரலிலிருந்த தழும்பைப் பார்த்தார்.

"இதை முதலில் பிடித்தது யார்?"

சேர் தரையைப் பார்த்துக்கொண்டு என் பெயரை முணுமுணுத்தார்.

"கேக்கல்ல சேர்," என்றேன். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."