ஹேட்சுக்குள் இறங்கிய கேமரா

லேப்டாப்பில் படம் வருவது நின்றபோது நான் முதலில் கேபிளைத்தான் திட்டினேன். தெதரிங் வேலை செய்கிற எல்லாரும் அப்படித்தான். கேமராவையும் லேப்டாப்பையும் கேபிளால் இணைத்துவிட்டால், எது கெட்டாலும் பழி கேபிளுக்கு.

தூத்துக்குடியில் நானும் என் வீட்டுக்காரர் செல்வினும் ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். கல்யாணம் குறைந்த மாதங்களில் துறைமுகத்தில் சரக்குச் சேதம் பார்க்கும் சர்வேக்குப் படம் எடுப்போம். அன்று மரத்தடிகளை ஏற்றி வந்த கப்பல். ஹேட்ச் என்கிற சரக்கு அறையின் அடியில் தடிகள் நனைந்து கெட்டுவிட்டதாகப் புகார். எடுக்கிற படம் அப்போதே மேல்தளத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும், பிறகு இது இந்தக் கப்பலே இல்லை என்று யாரும் மல்லுக்கு நிற்கக் கூடாது என்றார் சர்வேயர். அதனால்தான் தெதரிங். செல்வின் கேமராவும் ஃபிளாஷுமாக ஏணியில் இறங்கினார். நான் மேலே லேப்டாப்போடு உட்கார்ந்தேன். நடுவில் நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிள்.

இறங்கும் முன் காற்றைச் சோதிக்கிற மீட்டரை ஹேட்ச் வாயில் பிடித்துப் பார்த்து, சரி என்றார்கள். வாயில் சரியாகத்தான் இருந்தது. மூடிய அறையில் மரத்தடிகள் நாள்கணக்கில் கிடந்தால் அங்குள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

கொஞ்சம் படங்கள் வந்தன. கறை, பூஞ்சை, ஈரம்.

"ஏளா, தெளிவா வருதா?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"வருது அத்தான்!"

"இன்னும் அடியில போகச் சொல்லும்மா" என்றார் சர்வேயர். செல்வின் காதில் அது விழுந்துவிட்டது, போனார்.

அப்புறம் ஒன்றும் வரவில்லை. கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். கேமரா இணைப்பில்தான் இருக்கிறது என்று திரை காட்டியது. கூப்பிட்டேன், பதில் இல்லை. லேப்டாப்பிலிருந்தே ஷட்டரை அழுத்தலாம் என்பதால் அழுத்தினேன். கீழே ஃபிளாஷ் மின்னியது. படம் வந்தது. கோணலாக ஒரு தடி, அதன்மேல் கையுறை போட்ட கை. மறுபடி அழுத்தினேன். அதே கை, விரல்கள் அதே மடிப்பில்.

கத்திக்கொண்டு ஏணிக்கு ஓடினேன். சரக்கு இறக்கும் ஆட்களின் மேஸ்திரி கஸ்பார் அண்ணாச்சி குறுக்கே வந்து தோளைப் பிடித்தார். அவர் கையைக் கடித்துக்கூடப் பார்த்தேன், விடவில்லை.

"ஏளா, ஒனக்குக் கோட்டி புடிச்சிருக்கா? நீயும் எறங்குனா ரெண்டு பேரையும்லா தூக்கணும்!"

"விடுங்க அண்ணாச்சி, அவிய செத்துருவாவ!"

"மாஸ்க்கும் சிலிண்டரும் எடுத்துட்டு வாரானுவ. கீழ ஒரே இருட்டு. நீ அந்த லைட்ட அடிச்சாத்தான் ஆள் எங்கன கெடக்கான்னு தெரியும். போயி அடி!"

அடித்தேன். ஒவ்வொரு படம் வரும்போதும் முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்து விரல்களைப் பார்த்தேன். கொஞ்சமாவது அசைந்திருக்கிறதா? இல்லை. பேட்டரி குறி சிவப்பானது. பைபிள் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்த, எங்கள் ஜில்லா நாசரேத் ஊர்க்காரி நான். அன்று ஆண்டவரே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவ்வளவு பயம். முகமூடி மாட்டிய மாலுமிகள் ஏணியில் இறங்கினார்கள்.

அடுத்த படத்தில் கை இல்லை. வெறும் தடி. தூக்கிவிட்டார்களா, இல்லை உருண்டு இன்னும் அடியில் விழுந்துவிட்டாரா? மறுபடி அழுத்தினேன். கேமராவில் பேட்டரி தீர்ந்துவிட்டது. அதற்குப் பின் ஏணி வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏணி வாயில் முதலில் முகமூடி போட்ட மாலுமி தெரிந்தான். பிறகு கயிற்றில் கட்டிய செல்வின். உதடெல்லாம் நீலம். ஆக்ஸிஜன் வைத்தார்கள். நெடுநேரம் கழித்து இருமினார், என் சேலையிலேயே வாந்தி எடுத்தார். வாந்தியைக் கண்டு சந்தோஷப்பட்டவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். சில மாதத்தில் மறுபடி மரக்கப்பல், மறுபடி சர்வே. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கூடவே போனேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது அந்த இரண்டாம் கப்பலில் செய்ததைத்தான். மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கச் சொன்னேன். மூச்சுக் கருவியோடு ஆள் மேலே நிற்கட்டும் என்றேன். அதுவரை கேபிளைச் சொருக மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

இந்தச் சர்வேயர் வேறு ஆள். வாட்சைப் பார்த்துக்கொண்டே, "நேரம் போகுதும்மா" என்றார்.

"போவட்டும் சார்" என்றேன். "அவிய போவக் கூடாது."