இருபது அடிக் கயிறும் அறுபது அடிக் குளமும்

போன சனிக்கிழமை காலை, குளத்தூரில் எங்கள் கோயில் குளத்துப் படியில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுமுனையில், தண்ணீருக்குள்... என் ஏழு வயது மகள் அம்மு!

என் வீட்டுக்காரர் பூவாரில் டூரிஸ்ட் படகு ஓட்டுகிறார். அப்பாவின் படகில் ஏற வேண்டும் என்று அம்முவுக்கு ஒரே பிடிவாதம். "தனியா நீந்தி குளத்தைத் தாண்டு, பிறவு ஏறலாம்" என்று சட்டம் போட்டவள் நான்தான். அவள் இடுப்பில் கிணற்றுக் கயிற்றைக் கட்டியவளும் நான்தான். கயிறு இருபது அடி. குளம் அறுபது அடி. எப்படி இருக்கிறது என் நியாயம்?

நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஷோபா தண்ணீருக்குள் நின்று சிரித்தாள்.

"அக்கா, பிள்ளைக்கு நீச்சல் படிப்பிக்க வந்தியளா, மாட்டைக் குளிப்பாட்ட வந்தியளா?"

"நான் கயித்தை விட மாட்டேனாக்கும்!"

"பிறவு நான் எப்பிடிம்மா அக்கரைக்குப் போவேன்?" என்றாள் அம்மு.

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் தீபாராதனை மணி அடித்தது. மணி கேட்டால் என் கண் தானாக மூடிக்கொள்ளும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கைகூப்பினேன். தேவீ, என் பிள்ளையைக் காப்பாத்து... கொஞ்சம் நீளமான பிரார்த்தனை. கயிறு அசையவே இல்லை. அப்பாடா, பிள்ளை பத்திரம்!

"அம்மா... கண்ணைத் தொறந்தாச்சா?"

குரல் அக்கரையிலிருந்து வந்தது.

என் கயிறு? அம்முவின் இடுப்பிலிருந்த முனையை ஷோபா அவிழ்த்து, கடைசிப் படியின் கல்தூணில் அழகாகக் கட்டியிருந்தாள். அவ்வளவு நேரமும் நான் கல்தூண் முங்கிவிடாமல் காவல் காத்திருக்கிறேன்!

அக்கரையைப் பார்த்துக் கத்தினேன். "ஷோபா! பிள்ளைக்கு வல்லதும் ஒண்ணு ஆயிருந்தா?"

"நான் ஒரு கை தூரத்துலயே நீந்தி வந்தேன் அக்கா. கண்ணை மூடினது ஆராக்கும்?"

கயிறு பிள்ளைக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது என் பயம். பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஷோபாவின் கண். அந்தக் கண்ணை அனுப்பியது தேவிதான் — அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் பூவார். லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு அம்மு படகில் ஏறினாள். பின்னாலேயே காலெடுத்து வைத்த என்னைக் கை நீட்டித் தடுத்தாள்.

"குளம் தாண்டாத ஆளு ஏறப்பிடாது. நீ போட்ட சட்டமாக்கும்!"

வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

வருகிற சனிக்கிழமை நான் குளத்தில் இறங்குகிறேன். கயிற்றை அம்மு பிடிப்பாளாம். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருக்கிறேன் — மணி அடித்தால் அவள் கண்ணை மூடக்கூடாது.