தண்டவாளத்துக்கு நடுவே முளைத்த கீரை

போர் முடிந்த 2009ஆம் ஆண்டு, யூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் இக்காஸ்டில் இருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போனால் ஒரு பட்டினம் வரும். அங்கே கைவிட்ட ரயில் பாதை ஒன்றைப் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என் அக்காவையும் இழுத்துக்கொண்டு பார்க்கப் போனேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு விடுப்புக்காரி. எந்த வீட்டில் என்ன சமையல், யாருடைய பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேட்டு அறியாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், கட்டிலில் கிடக்கும் மனிதர்களிடம்கூட அவர்களின் முதல் காதல் வரைக்கும் கேட்டு வைத்திருக்கிறேன். அப்படி வாயைக் கிளறியதில்தான், கூட வேலை செய்யும் டெனிஷ்காரி ஒருத்தி இந்தப் பூங்காவைப் பற்றிச் சொன்னாள். தரையில் இல்லையாம், இரண்டு மாடி உயரத்தில் இருக்கிறதாம். அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆனால் அக்காவைக் கூட்டிப் போனதற்குக் காரணம் வேறு. அக்கா எனக்குப் பதினொரு வயது மூத்தவர். அத்தான் காலமான பிறகு இங்கே வந்து, எட்டு வருடமாக எங்களோடு இருந்தார். அவருக்கு ஒரே மகள். கலியாணம் முடித்து வன்னியில் இருந்தாள். மாசி மாதத்தோடு அவளுடைய தொடர்பு அறுந்தது. வைகாசியில் போர் முடிந்தது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். மகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அக்கா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

நாங்கள் பூங்காவுக்குப் போவதற்கு மூன்று கிழமைக்கு முன்னர் லண்டனில் இருந்து ஒரு உறவுக்காரர் தொலைபேசி எடுத்தார். நல்ல காலம், நான்தான் தொலைபேசியைத் தூக்கினேன் என்று அன்றைக்கு நினைத்தேன். மகள் வவுனியாவில் ஒரு முகாமில் இருக்கிறாளாம். கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மருமகன் போரின் கடைசி நாட்களில் செல் விழுந்து வெடித்து இறந்துவிட்டாராம். "அக்காவுக்கு மெல்லமாச் சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டார். நான் தொலைபேசியைக் குளியலறைக்குள் கொண்டுபோய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். யாரென்று அக்கா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மகள் இருக்கிறாள் என்று சொன்னால் அடுத்த கேள்வி மருமகனைப் பற்றித்தான் வரும். என் முகத்தில் எதையும் மறைக்க முடியாது. ஆகவே முகாமுக்குத் தொடர்பு எடுத்து, மகளின் குரலை அக்காவின் காதில் கேட்க வைத்துவிட்டு, அதன் பிறகு மற்றதைச் சொல்லலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். இன்றைக்கு நாளைக்கு என்று மூன்று கிழமை ஓடிவிட்டது. அக்காவோ நாளுக்கு நாள் உருகினார். சோற்றைத் தொடுவதில்லை. தேத்தண்ணீர், இரண்டு பிஸ்கட், அவ்வளவுதான். சேலைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டிய நிலை. வீட்டை விட்டு வெளியே கொண்டுபோனால் பசி எடுக்காதா என்றுதான் அந்தச் சனிக்கிழமை புறப்பட்டோம்.

பூங்காவை நேரில் பார்த்தபோது நான் வாய் பிளந்து நின்றேன். செங்கல் வளைவுகள் வரிசையாக ஓடுகின்றன. வளைவுகளுக்குக் கீழே சைக்கிள் திருத்தும் கடை, கோப்பிக் கடை. ஒரு காலத்தில் அவற்றின் மேலே சரக்கு ரயில் ஓடியதாம். இரும்புப் படியில் ஏறிப் போனால் மேலே ஒரு தனி உலகம். மெலிந்த வெள்ளை மரங்கள், புதர்கள், காட்டுப் பூக்கள். அவற்றுக்கு நடுவே துருப்பிடித்த தண்டவாளங்கள் இருந்தபடியே கிடக்கின்றன. ஆட்கள் இருக்கும் மர வாங்குகளுக்குச் சக்கரம் பூட்டித் தண்டவாளத்தில் நிறுத்தியிருந்தார்கள். இருந்துகொண்டே தள்ளலாம். நான் இரண்டு தரம் தள்ளிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வீடுகளின் மாடி யன்னல்கள் நேருக்கு நேர் தெரிந்தன. ஒரு வீட்டில் மனிதர் ஒருவர் பாண் வெட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு வீட்டில் பூனை. விடுப்புக்காரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அக்கா யன்னல்களைப் பார்க்கவில்லை. குனிந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இஞ்ச ஒருத்தரும் இதைக் கழட்டேல்லையோ?" என்றார்.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஊரில் எங்கள் வீடு யாழ்ப்பாணப் பக்கம், கொடிகாமத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. போரில் ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும், குண்டுக்குப் பயந்து வெட்டிய பங்கருக்கு மேலே அடுக்கப் போய்விட்டன. எங்கள் வளவுப் பங்கருக்கு மேலேயும் இரண்டு கட்டை கிடந்தது. அக்கா கண்ட ரயில் பாதை கடைசியில் வெறும் கல்லும் மண்ணுமாக இருந்த பாதைதான்.

"வேலை முடிஞ்சாலும் வைச்சிருக்கிறாங்கள்" என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்று கிழமையில் அவர் தானாகத் தொடங்கிய முதல் கதை அது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒவ்வொரு பலகையாக வாசித்து அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே நடந்தேன். எந்த வருடம் கட்டினார்கள், என்ன ஏற்றினார்கள், எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று எல்லாம். வழியில் பெரிய மரப்பெட்டிகளில் மண் நிரப்பி, ஸ்ட்ரோபெரியும் வாசனை இலைகளும் நட்டிருந்தார்கள். போகிறவர் வருகிறவர் பறித்துச் சாப்பிடலாமாம். இவ்வளவு மண் காலடியில் கிடக்க ஏன் பெட்டிக்குள் மண்ணைக் கொட்டி நடுகிறார்கள் என்று எனக்குள் ஒரு கேள்வி எழும்பியது. வழமையாக என்றால் ஆளைப் பிடித்துக் கேட்டிருப்பேன். அதற்குள் அக்கா "எடியே, இஞ்ச ஓடி வா!" என்று கூப்பிட்டார்.

தண்டவாளத்துக்கு நடுவே ஒரு பாத்தி நிறையக் கீரை. வெளிறிய பச்சை, இலையில் மா தூவியது போல ஒரு வெள்ளை. டென்மார்க்கில் கோடை வந்தால் வயல் ஓரமெல்லாம் தானாக முளைக்கும். டெனிஷ்காரருக்கு அது களை. எங்கள் ஊர்ப் பெண்களுக்கோ அது கிடைத்தால் கொண்டாட்டம். தேங்காய்ப்பூப் போட்டு வறுத்தால் ஊர்க் கீரை தோற்றுவிடும். அதன் உண்மையான பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. சாம்பல் கீரை என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம். பை நிறையப் பிடுங்கிக்கொண்டு வரும்போது, வீட்டில் முயல் வளர்க்கிறீர்களா என்று தெருவில் போகிறவர்கள் கேட்பார்கள்.

அக்கா குந்தியிருந்து பிடுங்கத் தொடங்கினார். நுனியை மட்டும், கணுவில் நகத்தால் கிள்ளி. அந்தக் கைகள் ஒரு வேலை செய்து நான் பார்த்து எத்தனை நாள்!

"பின்னேரம் நான் சமைக்கிறன். நீ ஒண்டும் செய்யாதை" என்றார்.

நானும் குந்திப் பிடுங்கினேன். பை அரைவாசி நிறைந்தபோது, றப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு டெனிஷ் பெண்மணி எங்களை நோக்கி வேகமாக வந்தார். பூங்காவைச் சம்பளம் இல்லாமல் பராமரிப்பவர்களில் ஒருவராம். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை. மிகவும் தணிந்த குரலில், இதைச் சாப்பிடுவதற்கா பிடுங்குகிறீர்கள் என்று கேட்டார். ஓம் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். புல் முளைக்காமல் இருக்க இந்தப் பாதைக்கு வருடக்கணக்காக மருந்து அடித்தார்களாம், அது இன்னும் மண்ணில் இருக்கிறதாம். அதனால்தான் சாப்பாட்டுச் செடிகளைப் பெட்டிக்குள் நட்டிருக்கிறார்களாம். படியடியில் உள்ள பலகையிலும் எழுதியிருக்கிறது என்றார். அத்தனை பலகை வாசித்த நான் அந்த ஒன்றை மட்டும் வாசிக்கவில்லை.

அக்காவுக்கு டெனிஷ் ஓடாது. பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?"

பையையும் பார்த்தேன், அக்காவின் முகத்தையும் பார்த்தேன். வாய் முந்திக்கொண்டது. "முயலுக்கோ எண்டு கேக்கிறா."

அக்கா சிரித்தார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அந்தப் பெண்மணியும், தான் சொன்னது விளங்கிவிட்டது என்று நினைத்து, அக்காவைப் பார்த்துச் சிரித்து, தோளில் தட்டிவிட்டுப் போனார். நடுவில் நான் ஒரு பொய்யோடு நின்றேன்.

வீடு திரும்பும் வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ரயிலில் அக்கா மடியில் கடதாசியை விரித்து, பழுத்த இலைகளைப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டு, ஓயாமல் கதைத்தார். மகள் சின்ன வயதில் கீரை சாப்பிடாமல் அடம்பிடித்தது, அவளுக்குச் சோற்றுக்குள் ஒளித்து ஊட்டியது. எப்படிச் சொல்வது? வீட்டுக்குப் போய்ப் பையை ஒளித்துவிட்டு, குளிர்ப்பெட்டியில் கிடக்கும் கடைக் கீரையை மாற்றி வைக்கலாம் என்று ஒரு திட்டம் போட்டேன். வீட்டுக்கு வந்தால் அக்கா பையைக் கையை விட்டு இறக்கவில்லை. கணவரும் வேலைக்குப் போயிருந்தார். நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்ததுதான் மிச்சம். ஒரு தரம் சாப்பிட்டால் என்ன வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நான் மட்டும் சாப்பிடாமல் விடவேண்டும் என்று யோசித்தபோதுதான், நான் எவ்வளவு கேவலமானவள் என்று உறைத்தது.

பின்னேரம் ஐந்து மணி. வெயில் மேசையில் விழுந்துகொண்டிருந்தது. அக்கா சோற்றைப் போட்டு, கீரை வறையை அள்ளி வைத்து, குழைத்து, முதல் வாயைத் தூக்கினார். நான் எட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"அக்கா, சாப்பிடாதேங்கோ. அதில நஞ்சு."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அக்கா அந்தக் கவளத்தைத் திரும்பச் சோற்றுக் கோப்பையில் வைத்தார். கோபிப்பார் என்று காத்திருந்தேன். கோபிக்கவில்லை. கையில் ஒட்டிய சோற்றைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அந்த மனிசி சொன்னதை இப்பிடி மாத்திச் சொன்னனி, வேற என்னத்தையடி எனக்கு மறைச்சு வைச்சிருக்கிறாய்?"

இனி மறைக்க என்னிடம் முகம் இல்லை. லண்டனில் இருந்து தொலைபேசி வந்தது என்றேன். மூன்று கிழமை என்றேன். மருமகன் இல்லை என்றேன். அழுதுகொண்டே, "பிள்ளை முகாமில தனிய இருக்கிறாள்" என்று முடித்தேன்.

அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"பிள்ளை இருக்கிறாளோ?"

"ஓம் அக்கா."

"உயிரோடயோ?"

"ஓம்."

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். எனக்குப் புரிய நேரம் எடுத்தது. நான் தொலைபேசியோடு குளியலறைக்குள் போனதையும், கண் வீங்கி வெளியே வந்ததையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "நல்ல சேதி எண்டால் நீ தெருவெல்லாம் சொல்லியிருப்பாய். உன்ர வாய் மூடினதைக் கண்டுதான் எனக்கு விளங்கினது, என்ர பிள்ளை செத்துப்போட்டாள் எண்டு" என்றார். கேட்டால் அது உறுதியாகிவிடும் என்று பயந்து கேட்காமல் இருந்தாராம். மூன்று கிழமையாக, உயிரோடு இருக்கும் மகளுக்குச் செத்தவீடு கொண்டாடிக்கொண்டிருந்தார் என் அக்கா. அதுவும் என் வீட்டில், நான் பக்கத்தில் இருக்கும்போது.

நிலத்தில் இருந்தபடியே மருமகனுக்காக அழுதார். நல்ல பொடியன், நல்ல பொடியன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். பிறகு அவரே எழும்பி முகத்தைக் கழுவினார். கீரையைச் சட்டியோடு குப்பையில் கொட்டினார்.

"பருப்பு இருக்கோ?" என்று கேட்டார். "சோத்தைப் போடு. அவளுக்கு இனி நான்தான்."

முதல் நாள் வைத்த பருப்பைச் சூடாக்கிக் கொடுத்தேன். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். மகளின் குரலைக் கேட்க அதற்குப் பிறகும் இரண்டு மாதம் எடுத்தது. அந்த இரண்டு மாதமும் அக்கா ஒரு நேரச் சாப்பாட்டையும் விடவில்லை.

அடுத்த கோடையில் நாங்கள் இருவரும் மறுபடியும் அந்தப் பூங்காவுக்குப் போனோம். றப்பர் சப்பாத்துப் பெண்மணியைத் தேடிப் பிடித்து, முயல் கதையையும் அதன் பிறகு நடந்ததையும் சொன்னேன். அவர் பெட்டியில் இருந்து ஒரு கை ஸ்ட்ரோபெரி பறித்து அக்காவிடம் நீட்டினார். ஏதோ சொன்னார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து "என்னவாம்?" என்று கேட்டார். சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்: இதைப் பயப்படாமல் சாப்பிடலாமாம்.

ஊர் விடுப்பெல்லாம் கேட்டுத் திரிகிற நான், ஒரே வீட்டில் மூன்று கிழமை வாய் திறக்காமல் இருந்த என் அக்காவிடம் "என்ன நினைக்கிறியள்?" என்று ஒரு தரமாவது கேட்டிருக்கலாம். இப்போதெல்லாம் வீட்டில் யாராவது சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தால், நான் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.