டயர் தாங்கும்… இன்ஜின் தாங்குமா?

போன வாரம் என் காருக்கு நெஞ்சுவலி வரப் பார்த்தது. காரணம் — நானும் என் மச்சினன் செல்வமும்!

குவைத்தில் வேலை பார்க்கும் செல்வம், இந்த லீவுக்கு சென்ட், டேப் ரிக்கார்டரோடு ஒரு டர்போவும் கொண்டுவந்தான். இன்ஜின் வெளியே தள்ளும் புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கிற கருவி. இழுவை கூடுமாம்.

எனக்கு ஆசை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொட்டாம்பட்டியில், பெண் வீட்டில், என் மகனுக்கு நிச்சயதார்த்தம். "சம்பந்தி வீட்டு வாசல்ல நம்ம கார்லதான் போய் இறங்கணும்" என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஏழு பேர் ஏறினால், என் பழைய கார் சைக்கிளுக்கே வழி விடும்!

விளாங்குடி மெக்கானிக் பெருமாள் அரை மனதோடு மாட்டிக் கொடுத்தார். அழுத்தத்தை ஐந்து பவுண்டில் நிறுத்தி, அதைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூவுக்கும் அதன் நட்டுக்கும் சேர்த்து, அசைந்தால் தெரியும்படி நீளமாகக் குங்குமக் கோடு இழுத்தார்.

"சார், இது உள்ள எதையும் மாத்தாத இன்ஜின். அஞ்சுக்கு மேல போனா ஹெட் கேஸ்கெட் போயிரும், பிஸ்டன் ஓட்டையாயிரும். இதை மட்டும் தொட்றாதீக."

தொடாமல் இருந்தோமா?

வெள்ளிக்கிழமை காலை, டயருக்குக் காற்றடித்துக்கொண்டே செல்வம் கேட்டான்: "மச்சான், இந்த ரப்பரே இருபத்திநாலு பவுண்டு தாங்குது. இம்புட்டு இரும்பு அஞ்சுதான் தாங்குமாக்கும்?"

படித்தவன் நான். "அட, ஆமால்ல மாப்ள!" என்றேன். அவன் ஸ்குரூவை இரண்டரைச் சுற்று சுற்றினான்.

மேலூர் ரோட்டில் டர்போவின் அழுத்த மீட்டர் முள் பத்தைத் தொட்டது. கார் பறந்தது. ஒத்தக்கடை தாண்டியதும்… டொக், டொக், டொக்! உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற சத்தம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். நிச்சயத்துக்கு இரண்டே நாள்… மனைவிக்கு என்ன பதில் சொல்வேன்?

ஊர்ந்து ஊர்ந்து விளாங்குடி போய்ச் சேர்ந்தோம். பெருமாள் பானெட்டைத் திறந்தார். குங்குமக் கோடு நட்டில் ஒரு பக்கமும் ஸ்குரூவில் வேறு பக்கமுமாக நின்றது.

"எத்தனை சுத்து?"

"ரெண்டரை" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு. செல்வம் டயர் கணக்கைச் சொன்னான்.

"தம்பி, டயருக்குள்ள காத்து சும்மா கெடக்கு. இங்க பெட்ரோலோட சேந்து வெடிக்குதுல்ல? அம்புட்டுத்தான் வித்தியாசம்."

நல்லவேளை, சேதமில்லை. பழையபடி ஐந்துக்கு இறக்கி, புதுக் குங்குமம் வைத்தார். வீட்டில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

செல்வத்தை மட்டும் சொல்வானேன்? பக்கத்து வீட்டுப் பையன் தாங்குகிறானே என்று நம் பையனுக்கும் மூன்று டியூஷன் வைக்கிறவர்கள்தானே நாம்!

ஞாயிறன்று ஏழு பேரும் கொட்டாம்பட்டி வாசலில் ஜம்மென்று போய் இறங்கினோம். மனைவி முகத்தில் அப்படியொரு பூரிப்பு. எனக்கும்தான்.

பந்தியில் சம்பந்தியம்மா நான்காவது தடவையாகப் பாயசம் கொண்டுவந்தார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. பக்கத்து இலையிலிருந்து மனைவியின் கைதான் குறுக்கே நீண்டது.

"போதும் மதினி… இவுக உள்ள எதையும் மாத்தாத இன்ஜின்!"