தலைகீழாகத் தொங்கிய கற்றாழை

வலியசாலையில் எங்கள் வீட்டு வாசல்நிலையில் ஒரு கற்றாழை, வேர் மேலேயும் இலை கீழேயுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கண்திருஷ்டி படாமலிருக்க அம்மா ஓர் அமாவாசையன்று மஞ்சள் தடவிக் கட்டியது. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் பச்சையாகவே இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் மன்னி, அதாவது என் அண்ணாவின் மனைவி, அதை அண்ணாந்து பார்த்து, "பாவமா இருக்கு, ஒரு சட்டியில வெக்கட்டுமா?" என்று கேட்டாள். "அதுக்கு ஒண்ணும் வேண்டாம்டி, காத்தைக் குடிச்சுண்டே கெடக்கும்" என்றாள் அம்மா.

அண்ணா மன்னியை அம்மாவுக்குத் துணையாக விட்டுவிட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். வருஷத்துக்கு ஒரு மாதம் வருவான். "அவளாலே ஒரு தொந்தரவும் இல்லே, எதுவும் கேக்கவே மாட்டா" என்று பெருமையடித்துக்கொள்வான். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்கவிட்டால்தானே கேட்பாள்! ஒரே ஒரு தடவை கேட்டாள். பொன்முடிப் பக்கம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலைக்கு அவளுக்கு உத்தரவு வந்திருந்தது. பதினைந்து நாளில் சேர வேண்டும், அங்கேயே தங்க வேண்டும். "மடியா யார் சமைப்பா?" என்றாள் அம்மா. அண்ணா போனில் என்னைக் கூப்பிட்டு, "நீ ஆத்தைப் பாத்துப்பேன்னா அவ போகட்டும்" என்றான். மன்னி கதவருகில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் நான் தம்பானூர் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அவள் சுடச்சுடக் கையில் தரும் டிபன் டப்பாவை நினைத்தேன். "என்னால முடியாது அண்ணா" என்று சொல்லிவிட்டேன். ஆபீஸில் பெண்கள் உரிமை என்று கூட்டம் போட்டுப் பேசினவள் நான். வெட்கங்கெட்ட வாய்.

பதினாறாம் நாள் மன்னி பட்டப்பகலில் ஸ்டூல் போட்டு ஏறிக் கயிற்றை அறுத்தாள். கற்றாழையின் செத்த வேரை நறுக்கி, இரண்டு நாள் நிழலில் ஆறவிட்டு, பாதிக்குப் பாதி மணல் கலந்து, அடியில் ஓட்டையுள்ள மண்சட்டியில் நட்டாள்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணா திரும்பி வந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே காபி கேட்கிறான். மாடியில் இப்போது முப்பது நாற்பது சட்டி. தெருவில் யார் கேட்டாலும் மன்னி ஒரு கன்றைப் பிரித்துக் கொடுக்கிறாள், கூடவே கண்டிப்பாகச் சொல்லியும் அனுப்புகிறாள்: "மண்ணு நன்னாக் காஞ்சப்புறம்தான் தண்ணி. காலை வெயில் வேணும். ஒண்ணும் வேண்டாம்னு எவனாவது சொன்னா நம்பாதீங்கோ."

போன மாதம் ரிடையரானேன். என் ஃப்ளாட் பால்கனிக்கு ஒரு கன்று வேண்டும் என்று நானும் போய்க் கேட்டேன். மன்னி கை மண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"உனக்கு வேண்டாம். நீ பாத்துக்க மாட்டே" என்றாள்.