துடுப்பன் கரையேறிய வாரம்

அந்தச் சிறுவர் வார இதழின் அலுவலகத்தில் எல்லோரும் அவளை மையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வலது கை ஆள்காட்டி விரலில் எப்போதும் கறுப்பு மை ஒட்டியிருக்கும். எந்தச் சோப்புக்கும் அது மசிந்ததில்லை. பெற்றவள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் கிடந்தது. பேசும் முயல், தொப்பி போட்ட கரடி, துரத்துகிற திருடன், துரத்தப்படுகிற திருடன் என்று கேட்டதையெல்லாம் வரைந்து கொடுத்துவிட்டு, சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், அம்மாவுக்கும் தனக்கும் சமைத்து, மறுநாள் மறுபடி வந்து பென்சில் சீவுவாள். கல்யாணம் என்று ஒன்று பேச்சில் வந்து பேச்சோடு போயிற்று. அதைச் சொல்லிப் பரிதாபம் தேடுகிற ஆளில்லை அவள். யாராவது கிளறினால், "வேலை கெடக்கு" என்று குனிந்துகொள்வாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். இருவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது காலி டின்களைக் கயிற்றால் கட்டித் தெப்பம் செய்து ஆற்றில் விட்டார்கள். தீவு கண்டுபிடிக்கப் போகிறோம் என்றான் எட்டு வயதுத் தம்பி. தெப்பம் கவிழ்ந்தது. அக்கா கரைக்கு வந்து சேர்ந்தாள். தம்பி வரவில்லை. ஆள் விட்டுத் தேடியும் கிடைக்கவேயில்லை. அன்றோடு அந்த வீட்டில் அவன் பேச்சு நின்றது. இருந்த ஒரே புகைப்படத்தையும் அம்மா பீரோவில் துணிகளுக்கு அடியில் போட்டுவிட்டாள். அப்பா பேசாமலே இருந்து பேசாமலே போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு தாயும் மகளும் ஒரே சமையலறையில் பால், உப்பு, குழாயில் தண்ணீர் வந்ததா இல்லையா என்று இதை மட்டுமே பேசிக் காலத்தைத் தள்ளினார்கள். எப்படித்தான் முடிந்ததோ, சொல்லத் தெரியவில்லை.

இதழின் விற்பனை படுத்துக்கொண்ட ஒரு வருடம், எடிட்டருக்கு ஒரு யோசனை வந்தது. பெரியவர்களுக்கு எழுதிப் பெயர் வாங்கிய ஒரு நாவலாசிரியரைப் பிடித்துச் சிறுவர் சாகசத் தொடர் எழுத வைப்பது. எடிட்டர் பிடித்து வந்த ஆள்தான் எல்லோரையும் கலங்கடித்தார். அவர் நாவலில் முதல் அத்தியாயத்தில் ஒருவன் லேசாக இருமினால் போதும், வாசகர்கள் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொள்வார்கள். அலுவலகத்தில் அவருக்கு இழவு மாமா என்று பட்டப்பெயர். அச்சுக்கோர்ப்புப் பகுதியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பெண், "மையக்கா, முயலு கரடியெல்லாம் பத்திரமா இருக்கட்டும். யார் எப்ப போவாங்கன்னு தெரியாது" என்றாள்.

முதல் அத்தியாயம் வந்ததும் வாயடைத்துப் போனார்கள். ஓர் அக்காவும் தம்பியும் காணாமல் போன அப்பாவைத் தேடிப் படகில் ஆற்றோடு போகிறார்கள். கடத்தல்காரர்களின் குகை, ஆளில்லாத கலங்கரை விளக்கம், அடைத்த பெட்டிக்குள் யாரோ தட்டுகிற சத்தம் என்று மனுஷன் அள்ளி வீசியிருந்தார். துடுப்பு போடுகிற தம்பிக்குக் கதையில் துடுப்பன் என்று பெயர். அதுவரை யாரும் கேட்காத இதழுக்குக் கடைகளில் பிள்ளைகள் சண்டை போட ஆரம்பித்தார்கள். "இந்த ஆளுக்குள்ள இதெல்லாம் எங்கய்யா ஒளிஞ்சிருந்துச்சு?" என்று எடிட்டர் மாய்ந்து போனார்.

துடுப்பனுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. மையக்கா யோசிக்கவில்லை, கை தானாகப் போயிற்று. முன்பல் ஒன்று இல்லை. ஒரு காது கொஞ்சம் விடைத்திருக்கிறது. சட்டைப் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருக்கிறது. முடித்த பிறகுதான் யாரை வரைந்திருக்கிறோம் என்று பார்த்தாள். கிழித்துப் போட எடுத்தாள். அதற்குள் எடிட்டர், "அட, இவன்தான்மா துடுப்பன்" என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

வாராவாரம் அவள் வீட்டுக்குக் கொண்டுபோகும் இதழை அம்மா அலமாரியில் விரிக்கத்தான் பயன்படுத்துவாள். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. எழுத்து புலப்படாது, வெளிச்சத்தில் பிடித்தால் படம் தெரியும். அந்த வாரம் இதழை ஜன்னலோரம் எடுத்துப்போய் வெகுநேரம் நின்றாள். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே, "பட்டனை மாத்திப் போட்டிருக்கான்" என்றாள்.

அடுத்த வாரம் அம்மாவே கேட்டாள். "அவன் எதுவரைக்கும் போயிருக்கான்?"

அன்றிலிருந்து வாரம் ஒரு நாள் ஜன்னலோர நாற்காலியில் அம்மா, கீழே பாயில் மகள் என்று உட்கார்ந்து வாசித்தார்கள். குகை வந்தால் அம்மா கையைப் பிசைவாள். படகு தப்பினால் மூச்சு விடுவாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, துடுப்பனைப் பற்றி ஆயிரம் கேள்வி. அவன் சாப்பிட்டானா, சட்டை மாற்ற இருக்கிறதா, அக்கா அவனைத் திட்டாமல் வைத்திருக்கிறாளா. அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று மறுபடி நுழைந்ததே துடுப்பன் புண்ணியத்தில்தான்.

அந்தத் தொடர் உருவான விதத்தையும் சொல்ல வேண்டும். வண்ணப் பக்கங்கள் முன்னதாகவே அச்சாகிவிடும், எழுத்துப் பக்கங்கள் பிறகுதான் ஓடும். நாவலாசிரியரோ எதையும் நேரத்தில் கொடுத்த சரித்திரம் இல்லை. ஆகவே அவர் போனில் ஒரு வரி சொல்வார், மையக்கா அதை வைத்து வரைவாள், அச்சான படத்தைப் பார்த்துக்கொண்டு அவர் அத்தியாயத்தை எழுதுவார். ஒருமுறை மூலை வெறிச்சென்று இருக்கிறதே என்று படகில் ஒரு நாயை உட்கார வைத்தாள். "நீங்க பாட்டுக்கு ஒரு நாயை ஏத்திட்டீங்க, இனிமே நான்ல அதுக்குச் சோறு போடணும்" என்று போனில் புலம்பினார். ஆனாலும் நாய் கதைக்குள் வந்துவிட்டது. அச்சான படத்தை அவர் மீறியதில்லை.

பிறகு அந்தப் போன் வந்தது.

"அடுத்த வாரம் அணை உடையுதும்மா. துடுப்பன் போயிடறான். நீங்க தண்ணியை மட்டும் வரைஞ்சாப் போதும். ஒரு துடுப்பு மிதக்கட்டும்."

"சார், சின்னப் பையன் சார்" என்றாள்.

"தெரியும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்கே போனாள். மாடியில் ஒற்றை அறை. நாற்காலியில் புத்தகம், கட்டிலில் புத்தகம், உட்கார இடமில்லை. ஒரு அடுக்கைத் தரையில் இறக்கி அவளுக்கு இடம் செய்து, தானே டீ போட்டுக் கொடுத்தார். கதையில் கொல்லுகிற ஆளுக்கு இவ்வளவு மெல்லிய குரல் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"அவனைக் காப்பாத்திடுங்க சார். கொழந்தைங்க படிக்குதுங்க."

"அதனாலதாம்மா. அந்தக் கொழந்தைங்க வீட்டுலயும் ஆள் போறாங்க. ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வெக்கறோம். யாரும் உக்காந்து பேசறதில்ல. நானாவது பெரியவங்களுக்கு எழுதற மாதிரியே இதுலயும் நிஜமா எழுதிட்டுப் போறேனே." டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "எனக்கு மட்டும் ஆசையா? ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல."

தம்பி என்ற சொல் அவள் நாக்கின் நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் மாறியிருப்பார். ஆனால் இத்தனை வருடத்தில் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. டீயைக் குடித்து முடித்து, "வர்றேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

ஆனால் படம் அவள் கையில்தானே இருந்தது. அலுவலகத்துக்குப் போனதும் தண்ணீரை ஓரமாகத் தள்ளினாள். நடுவில் கரை, கரையில் துடுப்பன். விடைத்த காது, மாறிய பட்டன், ஓட்டைப்பல் சிரிப்பு. இருட்டுவதற்குள் முடித்துத் தானே அச்சுக்கூடத்தில் கொடுத்தாள். "பொழைச்சுட்டானா? அப்பாடா, நாமளும் பொழைச்சோம்" என்றார் எடிட்டர். வண்ணப் பக்கம் ஓடி முடிந்தது. இனி யாராலும் மாற்ற முடியாது. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு துணிச்சலான காரியம் அதற்கு முன் செய்ததில்லை.

நாவலாசிரியர் போன் செய்தார். "நல்லா வந்திருக்கும்மா. நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். கோபம் துளியும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள். அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, இந்த வாரம் அணை உடையுது, ஆனா பயப்படாத, அவன் கரையேறிடறான்" என்று சொல்லிவிட்டாள். அம்மா முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் ஆயுசுக்கும் மறக்க முடியாது. அவசரப்பட்டு அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அத்தியாயம் வழக்கம்போலக் கடைசி நேரத்தில் வந்தது. கம்ப்யூட்டர்ப் பெண் தட்டச்சு செய்து முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, நீங்களே படிங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

கடைசிப் பத்தி இப்படி இருந்தது. "அணை உடைந்த அன்று துடுப்பன் திரும்பி வரவில்லை. தேடப் போனவர்கள் கண்டது மிதக்கும் துடுப்பை மட்டும்தான். படத்தில் நீங்கள் பார்ப்பது, அவன் அக்கா பார்ப்பது. கண்ணை மூடும்போதெல்லாம் அவளுக்கு அவன் இப்படித்தான் தெரிகிறான். தலை காய்ந்திருப்பதைப் பாருங்கள். வெள்ளத்திலிருந்து ஏறி வந்தவனுக்குத் தலை காய்ந்திருக்காது. அக்கா பெரியவளாகி, வேலைக்குப் போய், முடி நரைத்த பிறகும் அவனுக்கு எட்டு வயதாகத்தான் இருக்கும்."

மையக்கா படத்தை எடுத்துப் பார்த்தாள். ஆமாம், காய்ந்த தலை. சட்டையும் உலர்ந்திருந்தது. நனைந்த பையன்களை, நனைந்த நாய்களை, நனைந்த கரடியைக்கூட அவள் வரைந்திருக்கிறாள். முடி நெற்றியில் எப்படி ஒட்டும் என்று அவள் கைக்குத் தெரியும். இதில் மட்டும் தோன்றவே இல்லை. அவளுக்கு எப்போதும் தெரிகிற தம்பியை அப்படியே போட்டிருக்கிறாள். அந்த மனுஷன்மேல் ஆத்திரப்படப் பார்த்தாள், வரவில்லை. அவர் பொய் ஒன்றும் எழுதவில்லையே. அழுகைதான் வந்தது, அதையும் பஸ் ஏறுகிற வரைக்கும் அடக்கி வைத்தாள்.

இதழ் அச்சாகி வந்த அன்று, வீட்டில் அம்மா முன்னமே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகள் பாயில் உட்கார்ந்து வாசித்தாள். அணை உடைந்தது, படகு புரண்டது, நாய் நீந்தியது. கடைசிப் பத்தி வந்ததும் விட்டுவிட்டுத் தானாக இரண்டு வரி கட்டினாள். துடுப்பன் ஒரு வேரைப் பிடித்தான், தட்டுத் தடுமாறிக் கரையேறினான், சிரித்தான். இதழை மூடினாள்.

அம்மா கையை நீட்டினாள். "படத்தைக் காட்டு."

ஜன்னல் வெளிச்சத்தில் முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"கரையேறிட்டானா?"

"ஏறிட்டாம்மா."

அம்மா விரலால் படத்தை மெல்லத் தடவினாள். "தலை காஞ்சிருக்கேடி" என்றாள்.

மையக்கா பாயின் ஓரத்தை மடித்து மடித்து விட்டாள்.

"எனக்கும் இப்படித்தான் வர்றான். ஒரு நாளும் நனைஞ்சு வந்ததில்ல." அம்மா இதழைத் திருப்பிக் கொடுத்தாள். "நீ விட்டதையும் படி."

மகள் படித்தாள். எட்டு வயது என்ற இடத்தில் அம்மா தலையாட்டினாள். பிறகு எழுந்துபோய் பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியில் துழாவி, அந்தப் புகைப்படத்தை எடுத்துவந்து மகளின் மடியில் போட்டாள். அவனுக்கு விடைத்திருந்தது வலது காது. இத்தனை வாரமும் அவள் இடது காதை வரைந்திருக்கிறாள்.

மையக்கா புகைப்படத்தைத் துடுப்பன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அடுத்த வாரத்துக்கு என்ன வரையணுமாம்?" என்று கேட்டாள் அம்மா.

"இந்த வாரத்துக்குச் சொன்னதேதாம்மா. வெறும் தண்ணி. ஒரு துடுப்பு மிதக்கணும்."

அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

"சரி, வரை" என்றாள்.