கேட்கலாமா என்று கேட்ட வழக்கு

வடசென்னை டோல்கேட் டீக்கடையில் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கல்மண்டபம் பக்கம் நடந்துகொண்டிருக்கிறேன். கடைக்காரர் போனில் உச்ச நீதிமன்ற விசாரணை நேரலையாக ஓடியது. ஒரு வக்கீல் நீதிபதிக்கு நன்றி சொன்னார். அதைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

கொரோனா காலம். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டி கழுவி பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த எங்கள் பதினெட்டுப் பேரை ஒரே நாளில் வெளியே நிறுத்தினார்கள். இவர்கள் யாரென்றே தெரியாது, கான்ட்ராக்டரைக் கேளுங்கள் என்றது கம்பெனி. கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. வேலையைத் திரும்பக் கேட்டு ஹைகோர்ட்டில் தோற்று, டெல்லிக்குப் போனோம். போனோம் என்றால், எங்கள் காகிதங்கள் போயின.

நான் ஒன்பதாவது வரை படித்தவன் என்பதால் தலைமைச் சாட்சி. கடலைப் பார்த்து ஒரு மாதம் சாட்சி சொல்லிப் பழகினேன். மற்றவர்கள் உள்ளங்கையைக் காட்டுவதாக ஏற்பாடு. காய்ப்பைப் பார்த்தால் வேலை செய்தது யாரென்று நீதிபதிக்குத் தெரிந்துவிடாதா?

விசாரணைக்கு முந்தின நாள் டெல்லி வக்கீலின் ஜூனியர், தமிழ்ப் பெண், போனில் விளக்கினாள்.

“அங்க சாட்சியெல்லாம் கூப்பிட மாட்டாங்கண்ணா. இது இன்னும் கேஸே இல்ல. கேஸை எடுத்துக்கச் சொல்லி அனுமதி கேக்கற மனு.”

“இன்னாமா சொல்ற? கேக்கலாமானு கேக்கறதுக்கா இத்தினி நாளா குந்திகினு கீறோம்?” என்றார் எங்கள் தலைவர் அந்தோணி அண்ணன். போனை வைத்துவிட்டு என்னிடம், “சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்? நீ சாட்சிய வுட்றாத நைனா.”

கொரோனாவால் விசாரணை வீடியோவில்தான் என்பதால், மறுநாள் கருவாட்டு வாசனையடிக்கும் ஒரு கொட்டகையில் கூடினோம். நீதிபதி நம்மைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்று அண்ணன் போனைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். செருப்பைக் கழற்றினோம். மத்தியானம் எங்கள் கேஸ் நம்பர் வந்தது. எல்லாரும் எழுந்தோம், பதினேழு பேர் உள்ளங்கையைத் தூக்கினார்கள். எங்கள் பக்கம் கேமராவும் மைக்கும் அணைந்திருந்தது யாருக்கும் தெரியாது. வக்கீல் இரண்டு வரி ஆங்கிலம் பேசினார். நீதிபதி ஏதோ சொன்ன நேரம் வெளியே ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது. வக்கீல் தலைகுனிந்து, புன்னகைத்து, நன்றி சொன்னார். அடுத்த நம்பர். சாட்சி சொல்லத் திறந்த வாயை நான் இன்னும் மூடவில்லை.

“தேங்க்ஸ் சொன்னாரு பாத்தியா மாமு? எவனாவது தோத்துட்டு தேங்க்ஸ் சொல்வானா?” என்றான் பெயின்ட் அடிக்கும் சேகர்.

மறுக்க முடியாத வாதம். ஆயிரம்வாலா வெடித்தோம். பிரியாணி அண்டா வந்து இறங்கும்போது அந்த ஜூனியர் பெண் கூப்பிட்டாள்.

“தள்ளுபடி ஆயிடுச்சுண்ணா. தோத்தாலும் நன்றி சொல்றது அங்க மரியாதை.”

“ஏன் தள்னாங்களாம்?” என்றார் அண்ணன்.

“காரணம் சொல்லணும்னு இல்லண்ணா.”

அண்ணன் போனை வைத்துவிட்டு அண்டாவின் மூடியைத் திறந்தார். “ஆர்டர் குட்த்தாச்சு. துன்னுங்கபா.”

இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் லாரி நிறுத்துகிறார்கள். அண்ணன் இல்லை. மற்றவர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள்.

பிரியாணி தின்ற மறுநாள் காலை வீட்டில் அரிசி இல்லை. மாதவரத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று போய் மாஸ்க்கோடு வரிசையில் நின்றேன். பெயர்கூடக் கேட்காமல் ஒரு காக்கிச் சட்டையைக் கொடுத்து வேனில் ஏற்றினார்கள். வேன் எண்ணூரில் அதே யார்டு வாசலில் நின்றது. வாட்ச்மேன் வேலை. புது சூப்பர்வைசர் சுவரில் ஒட்டியிருந்த பதினெட்டு போட்டோக்களைக் காட்டினார்.

“இவனுங்க வந்தா உள்ள வுடாத. மூஞ்சிங்கள நல்லா மனசுல வெச்சிக்க.”

“வெச்சிக்கினேன் சார்,” என்று மாஸ்க்குக்குள்ளிருந்தே சொல்லிவிட்டு, இரண்டாவது வரிசையில் மூன்றாவதாக இருந்த என் மூஞ்சியை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.